சாக்பீஸ் வீடு

அக்காள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது தம்பி வீட்டுக் கூடம் துடைத்துவிட்டாற்போல் காலியாகக் கிடந்தது. நடுத்தரையில் சாக்பீஸால் போட்ட ஒரு நீளக் கட்டம். அதற்குள் தம்பியும் அவன் மனைவியும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னடா கூத்து இது?” என்று அவள் நேராக அவர்களை நோக்கி நடந்தாள்.

“அக்கா, நில்லு! செவுத்து வழியா வர்றே!” என்று தம்பி அலறினான். “வாசல் அந்தப் பக்கம்.”

பெண்கள் விடுதியில் முப்பது வருஷம் வார்டனாக இருந்து ஊரார் பிள்ளைகளை எல்லாம் அதட்டியவள் அவள். எந்த வழியாக நடக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. முணுமுணுத்துக்கொண்டே கட்டத்தைச் சுற்றிப் போனாள். தம்பி மனைவி எழுந்து, இல்லாத கதவைக் கையால் தள்ளித் திறந்து, “வாங்க அண்ணி” என்றாள்.

தம்பி நாடகங்களுக்கு மேடை அமைக்கும் தச்சன். அரண்மனையோ சிறைச்சாலையோ, முதலில் தரையில் கோடு போட்டு, நடிகர்களை அதற்குள் நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் பலகையில் கை வைப்பான். இப்போது பழைய பார்சல் வேன் ஒன்றை வாங்கிப் கொல்லையில் நிறுத்தியிருந்தான். அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, அலமாரி எல்லாம் செய்து, இரண்டு பேரும் ஊர் ஊராகப் போவதாகத் திட்டம். அவன் மனைவி, குழந்தைகளுக்கான புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். மடியும் வெளிச்சமும் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வேலை நடக்கும். ஆனால் வேனில் ஒரு ஆணி அடிப்பதற்கு முன்னால், அதே அளவில் கோடு போட்டு ஒரு மாதம் அதற்குள் வாழ்ந்து பார்த்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாளாம்.

“மாசம் முடியும்போதும் ரெண்டு பேருக்கும் ஆசை இருந்தா, இந்த வீட்ட வித்துடறோம் அக்கா” என்றான் தம்பி.

அக்காள் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். விடுதிக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். அதோடு அவள் அறையும் போகிறது. தம்பி வீட்டில் பின்னறை சும்மாதானே கிடக்கிறது, இனி அதுதான் நமக்கு என்று முடிவு செய்து, கட்டிலை எங்கே போடுவது என்பதுவரை பேருந்திலேயே யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். அதை இப்போது எந்த வாயால் சொல்வது?

“சும்மா ரெண்டு நாள் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள். இரண்டு நாளைக்கு யார் இஸ்திரிப் பெட்டியும் குக்கரும் கொண்டு வருவார்கள்? கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பின்னறையில்தான் படுத்தாள். பகல் முழுக்கக் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கட்டத்தையே வேடிக்கை பார்த்தாள். கோபமாகத்தான் பார்க்க ஆரம்பித்தாள். போகப் போக ஆர்வம் தொற்றிக்கொண்டது. ஒருத்தர் சமைத்தால் மற்றவர் கட்டிலில் ஏறிக் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். கட்டில் என்பது செங்கல் மேல் பலகை. அதற்கு அடியில் தண்ணீர்த் தொட்டி என்று எழுதிய அட்டைப்பெட்டி. அதில் துணிமணி வைக்கக்கூடத் தம்பி விடமாட்டேன் என்றான். ஒரு கரண்டி புதிதாக உள்ளே வந்தால் ஒரு பழைய கரண்டி வெளியே போக வேண்டும். வெளியே என்றால் கூடம். அங்கே போய் எடுப்பது ஆட்டத்தில் சேர்த்தி இல்லை.

“எல்லாம் சரி. சண்டை வந்தா கோவிச்சுக்கிட்டு எங்கே போவேம்மா?” என்று கேட்டாள் அக்காள்.

“டிரைவர் சீட்டுக்கு, அண்ணி.” கட்டத்தின் முன்பக்கம் கிடந்த முக்காலியைத் தம்பி மனைவி காட்டினாள். “அங்க யார் போய் உக்காந்தாலும், அவங்களா வாயத் தொறக்கற வரைக்கும் மத்தவங்க பேசக் கூடாது. இது சட்டம்.”

மறுநாள் சாயங்காலமே சட்டத்துக்கு வேலை வந்தது. தம்பி ஈரத் துண்டை மனைவி வரைந்து வைத்திருந்த யானையின் மேல் போட்டுவிட்டான். யானைக்குத் தும்பிக்கை கரைந்துவிட்டது. இரண்டு பேரும் கத்திய கத்தல் பின்னறைவரை கேட்டது. அப்பாடா, வண்டி கவிழ்ந்தது என்று அக்காள் நினைத்தாள். தப்புத்தான், ஆனால் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. பெட்டியிலிருந்து இரண்டு புடவைகளை எடுத்து அலமாரியில் வைக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

திடீரென்று சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தாள். தம்பி முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மனைவி அட்டையால் யானைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். காபி ஆறுகிற நேரம்தான் ஆகியிருக்கும்.

“துண்டுக்கு ஒரு கொக்கி அடிச்சிடறேன்” என்றான் தம்பி, திரும்பாமலே.

“ரெண்டா அடி.”

அவ்வளவுதான், சண்டை தீர்ந்தது. விடுதியில் அக்காள் பார்க்காத சண்டையா? எல்லாம் கதவைப் படாரென்று சாத்துவதில்தான் முடியும். இங்கே சாத்துவதற்குக் கதவே இல்லை. இவர்கள் நிச்சயம் போய்விடுவார்கள் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. புடவைகளை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

காலையில் எழுந்து வந்தவள், முறையாக வாசல் வழியாகக் கட்டத்துக்குள் நுழைந்து, நேரே போய் டிரைவர் முக்காலியில் உட்கார்ந்தாள்.

அடுப்படியில் தம்பி மனைவியின் கை அப்படியே நின்றது. தம்பி ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் அவன் தொடையில் கிள்ளினாள். சட்டம் சட்டம்தான். பால் பொங்கி வழிந்தது. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

“விடுதிய மூடறாங்கடா” என்றாள் அக்காள், சுவரைப் பார்த்துக்கொண்டே. “எனக்குப் போக எடம் இல்ல. உன்கூடவே இருந்துடலாம்னுதான் வந்தேன்.”

தம்பியின் கண் முதலில் கட்டிலுக்குப் போனது, பிறகு அடுப்புக்கு, மறுபடி கட்டிலுக்கு. தச்சன், இடத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு வராது.

“இதுல எங்கே படுப்பே அக்கா?” என்றான். அடுத்த நொடியே, “போகட்டும். நாங்க எங்கேயும் போகல. வேன வித்துடறேன். பின்னறை உனக்குத்தான்” என்றான்.

இதைக் கேட்கத்தானே அவள் வந்தாள். சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தம்பி மனைவி குனிந்து, பால் வழிந்து அழிந்த கோட்டைக் கட்டைவிரலால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அக்காளை வெட்கம் பிடுங்கித் தின்றது. நேற்று அந்தச் சண்டையைக் கேட்டுக் குளிர்ந்தவள் தான்தானே?

“வாய மூடுடா” என்றாள். “அந்த சாக்பீஸக் குடு.”

வாங்கிக்கொண்டு வாசல் வழியாக வெளியே வந்தாள். கட்டத்தின் பின்பக்கம், ஒரு கை நீளம் தள்ளி, குந்தி உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்தாள். இரண்டு பேர் அறையில் நான்கு கட்டில் போட்டுப் பழகிய கை. ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க எவ்வளவு வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஒரு கட்டில், ஒரு பெட்டி, உட்கார ஓர் இடம். முடித்துவிட்டு மூச்சு வாங்க நிமிர்ந்தாள்.

“இத உங்க வேனுக்குப் பின்னாடி கட்டினா இழுக்குமா?”

தம்பி தவழ்ந்து வந்து சாண் போட்டு அளந்தான். அளக்க அளக்க அவன் முகம் மாறியது. “இழுக்கும். ரெண்டு சக்கரம் போதும். ஓடும்போது முன்னாடி எங்களோட உக்காந்துக்கோ. நின்னா இது உன் வீடு.”

தம்பி மனைவி எழுந்து வந்து புதுக் கோட்டுக்கு வெளியே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணி, ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்?” என்று கேட்டாள்.

அப்பா வீட்டில் ஜன்னல் ஏற்கெனவே இருந்தது. விடுதி அறையின் ஜன்னல் வாசல் கேட்டைப் பார்த்திருந்தது, யார் தாமதமாக வருகிறார்கள் என்று கண்காணிக்க. எந்தப் பக்கம் வேண்டும் என்று இந்த வயதுவரை அவளை ஒருவர்கூடக் கேட்டதில்லை. புதுக் கட்டத்துக்குள் நின்று நான்கு பக்கமும் மெதுவாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

“பின்பக்கம் வை” என்றாள் கடைசியில். “முன்னாடி வெச்சா உங்க வேனோட முதுகுதான் தெரியும்.”

தம்பி சாக்பீஸை எடுத்துக் குறிக்கப் போனான்.

“இன்னும் கொஞ்சம் பெருசா வைடா.”