வலது பாதத்துக் களிம்பு

தங்கை வேலை பார்க்கும் கூடத்தில் எப்போதும் ஏதாவது உருகிக்கொண்டிருக்கும். மூட்டைகளில் வந்து இறங்கும் ஷியா கொட்டை வெண்ணெய், கோகோ வெண்ணெய், விதைகளிலிருந்து பிழிந்த எண்ணெய்கள் எல்லாவற்றையும் அண்டாக்களில் சூடாக்கிக் கலந்து, சின்ன டப்பாக்களில் ஊற்றி ஆற வைப்பார்கள். டப்பாவில் கெட்டியாக இருக்க வேண்டும், தோலின் சூடு பட்டதும் உருகிவிட வேண்டும். அந்தக் களிம்புக்கு அதுதான் லட்சணம். மூடி சரியாகப் பொருந்தாத டப்பாக்களை அங்கே வேலை செய்பவர்களே எடுத்துக்கொள்ளலாம். அவள் தன் அண்ணனின் பாதங்களில் தடவ எடுத்து வருவாள்.

அண்ணன் தையல்காரர். சர்க்கரை நோய் அவர் பாதங்களின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது. மிதிபலகையில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டுதான் தைப்பார். வலது காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, அது சில்லிட்டுப்போனால் உடனே வர வேண்டும், தாமதித்தால் காலையே எடுக்க நேரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குளிர்காலம். ஜன்னல் கண்ணாடியில் ஈரம் கோடு கோடாக இறங்கியது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தங்கை தரையில் அமர்ந்து அவர் காலைச் சுற்றியிருந்த போர்வையை விலக்கினாள். இடது பாதத்தில் வைத்த களிம்பு தெளிந்து வழிந்தது. வலது பாதத்தில் வைத்தது அப்படியே இருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்தது. அறைக் குளிர்தான் காரணம் என்று நேற்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். இன்று அதை எடுத்துத் தன் உள்ளங்கையில் தேய்த்து இளக்கினாள்.

"என்னடி, அந்தக் காலுக்கு மட்டும் தனி உபசாரம்?"

"களிம்பு கெட்டியா இருக்குண்ணா."

"ரெண்டுக்கும் ஒரே டப்பாதானே?"

"வக்கீல் மாதிரி குடையாதீங்க."

"உங்க கம்பெனி சரக்கே மட்டம். மெழுகைக் கலந்து ஊரை ஏமாத்துறாங்க."

வேறு நாளாக இருந்தால் இதற்கே அவள் சண்டைக்குக் கிளம்பியிருப்பாள். இன்று தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார்.

"ரெண்டு கால்லயும் ஒவ்வொரு துண்டு வை. வெச்சுட்டு கையை எடு."

வைத்தாள். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடதுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பளபளத்து, விரல்களை நோக்கி ஓடியது. வலதுபக்கம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. டப்பாவிலிருந்து எடுத்தபோது பதிந்த அவளுடைய நகத்தின் தடம்கூட மழுங்கவில்லை.

"நேத்தும் இப்படித்தானா?"

அவள் தலையசைத்தாள்.

அவர் குனிந்து அந்தத் துண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அது உடனே இளகிவிட்டது.

"நல்ல சரக்குதான்," என்றார்.

பிறகு, பொத்தான் பாதியில் நின்ற சட்டையை மடித்து மிஷின் மேல் வைத்தார். கசங்காமல் மடித்தார்.

"செருப்பை எடுத்துட்டு வா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்."

வாசலில் அவள் இடது செருப்பை எடுத்துவிட்டு, வலது செருப்பைத் தொடாமல் நின்றாள்.

"ரெண்டையும் கொண்டா," என்றார் அண்ணன். "போறப்ப ரெண்டும் வேணும்."