பதினோராம் பந்தி

“நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டா பொய்யோ, ஐயா? அதைச் சொல்லுங்கோ!”

“சத்தம் போடாதேங்கோ. இது வீடு, கோடு கச்சேரி இல்லை!”

கோப்பாயில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இளைப்பாறிய நீதிபதி நேசராஜா. நான் கறிவேப்பிலை பறிக்கத்தான் போனேன். நல்ல இலையாகத் தேடியதில் நேரம் எடுத்தது.

கத்தியவர் ஜலீலா. தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாண நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்தவர். வந்து பார்த்தால் வீட்டில் வேறொருவர். ஜலீலாவின் தகப்பன் எழுதிக் கொடுத்த காணி உறுதி என்று அவர் ஒன்றைக் காட்டினார். அது வாப்பாவின் கையெழுத்தல்ல என்று ஜலீலா சாட்சி சொன்னார். நேசராஜா நம்பவில்லை, வழக்குத் தோற்றது. இப்போது மேன்முறையீட்டையும் கைவிடும் யோசனை. அதற்கு முன் காரணத்தைக் கேட்டுவிட்டுப் போக வந்திருந்தார்.

“முப்பது வருஷம் சாட்சியளைப் பார்த்தவன் நான். உண்மை சொல்லுறவை முகத்தைப் பார்த்துச் சொல்லுவினம்.”

“பெரியாக்களுக்கு முன்னாலை குனியச் சொல்லித்தானே எங்களை வளர்த்தது? நிமிர்ந்து கதைச்சிருந்தா, உவளின்ரை திமிரைப் பார் எண்டிருப்பியள்.”

தேத்தண்ணியோடு வந்த மனைவி மியூரியல் விறாந்தையிலேயே நின்றுவிட்டார்.

“இஞ்சாருங்கோ, என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு உங்கடை கண் எங்கை இருந்தது? அப்பா கேட்டதுக்கெல்லாம் நிலத்துக்குத்தானே மறுமொழி சொன்னனீங்கள்.”

“அது மரியாதை, மியூரியல்.”

“ஓம். அப்பாவின்ரை கதிரையிலை நீங்கள் இருந்திருந்தா எனக்குக் கலியாணமே நடந்திராது.”

நேசராஜா உள்ளே போனார். தன் தீர்ப்புகளை வேதாகமத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் மனிதர். ஒரு கோப்போடு வந்து நெடுநேரம் வாசித்தார்.

“வாப்பா கையெழுத்து வைச்ச பள்ளிக்கூட றிப்போட் ஒண்டும் குடுத்திருக்கிறியள், என்ன?”

“ஓம், ஐயா. ஆறாம் வகுப்பு.”

“நான் அதை உறுதியோடை ஒப்பிட்டுப் பார்க்கேல்லை. தீர்ப்பின்ரை பதினோராம் பந்தியிலை உங்கடை முகத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறன்.” குரல் தணிந்தது. “என்ரை கதிரை உயரம், பிள்ளை. அங்கையிருந்து பார்த்தா எல்லாரும் குனிஞ்ச மாதிரித்தான். வழக்கைக் கைவிடாதேங்கோ. உந்தப் பந்தியைப் பிடிக்கச் சொல்லி உங்கடை வழக்குப் பேசுற அப்புக்காத்தரிட்டைச் சொல்லுங்கோ.”

இரண்டு வருடத்தில் வீடு ஜலீலாவுக்குக் கிடைத்தது. உறுதிக்காரர் குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போனார். ஜலீலாவின் மகள் ஸஹானாவுக்கும் புத்தளத்து றுமைஸுக்கும் அந்த வீட்டிலேயே நிக்காஹ். மியூரியல் மட்டும் போனார், நேசராஜாவுக்குத் தடிமனாம். அன்று காலை அவர் பேப்பர் வாசித்ததை நான் பார்த்தேன், ஒரு தும்மல்கூட இல்லை. மூன்றாம் மாதம் நேசராஜாவும் மியூரியலும் மெல்பேணில் தங்கள் மகன் நிர்மலனிடம் போய்விட்டார்கள்.