மூன்று கூடை அகலப் பாலம்

2002ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் தேதி காலை ஆறே காலுக்கு, திருவொற்றியூரில் நாலாம் நம்பர் கேட்டுக்குத் தெற்கே, தண்டவாளத்துக்கு மேலே ஒரு நடைபாலம் இருந்தது. ஆறு மணிக்கு அது இல்லை. வெள்ளை நிறம், பசை வாசனை, மிதித்தால் லேசான கிறீச். இடதுபக்கம் கைப்பிடி கிடையாது. நடுவில் முகமில்லாத ஏழு வெள்ளை மனிதர்கள் காகிதம் போலத் தட்டையாக நின்றிருந்தார்கள். முதல் நாள் அவர்களைப் பார்த்து ஒதுங்கிப் போன மீன்காரப் பெண்கள், மறுநாள் அவர்கள் கையில் பையை மாட்டிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். அந்த வாரம் காசிமேட்டில் வஞ்சிரம் விலை ஏறியிருந்ததால் ஜனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பாலத்தைக் கட்டியவள் சில்வியா. தண்டவாளத்துக்குக் கிழக்கே உள்ள அந்தோணியார் குப்பத்துப் பெண், கட்டடக்கலை கடைசி வருடம். பிரிந்து கிடக்கும் குடியிருப்புகளை இணைப்பது எப்படி என்பது அந்த வருட மாணவர்களுக்குக் கொடுத்த தலைப்பு. மற்றவர்கள் ஏரி, பூங்கா என்று போனார்கள். சில்வியாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் அம்மா ரோஸ்மேரி தினமும் மீன்கூடையோடு மேற்கே காமாட்சி காலனிக்குப் போகிறவள். துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் குறுக்கே நின்றுவிட்டால், மீன் கெட்டுப்போகும் என்று பெட்டிகளுக்கு அடியில் குனிந்து போவாள். முந்தின வருடம் அப்படிக் குனிந்தபோது ரயில் நகர்ந்தது. கூடை நசுங்கியது. ரோஸ்மேரிக்கும் கூடைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அதன்பிறகு சில்வியா ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவாள். 

பாலத்தின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அம்மாவைக் கேட்டாள். எதிரெதிரே வரும் இரண்டு கூடைகள் முட்டக் கூடாது, அதனால் மூன்று கூடை அகலம் என்றாள் ரோஸ்மேரி. சில்வியா அப்படியே எழுதிக்கொண்டாள். காலனியை அளக்கப் போனபோது எல்லோரும் கதவைத் திறந்தார்கள், தண்டபாணியைத் தவிர. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரி எடை போட்டு ஓய்வு பெற்றவர், தனியாள். "இன்னிக்கு அளக்கறவன் வருவான், நாளிக்கி இடிக்கறவன் வருவான். போ பாப்பா" என்று ஜன்னல் வழியாகவே அனுப்பிவிட்டார். அளக்க முடியாத இடத்தை மாணவர்கள் வரைபடத்தில் வெள்ளையாக விட்டுவிடுவார்கள். சில வாரம் கழிந்தால் அது வீடு என்பது மறந்து, காலி மனையாகவே தெரியும். சில்வியா மேற்குப் படிக்கட்டை அந்தக் காலி மனையில் இறக்கினாள்.

எனவே மே பதினான்காம் தேதி காலை, ஏழு காகித ஆட்களை நிறுத்திய அட்டை மாடலில் கடைசி ஐஸ் குச்சியை அவள் ஒட்டி முடித்த அதே நேரத்தில், தண்டபாணி வீட்டுக் கூரை பிளேடால் அறுத்ததுபோல் சுத்தமாகத் திறந்து, கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே ஒரு படிக்கட்டு இறங்கியது. அதில் முதலில் இறங்கியவள் ரோஸ்மேரி.

"இன்னா பெருசு, இன்னும் தூங்கிகினு கீற? வயி வுடு."

அன்று கல்லூரியில் தேர்வாளர் மாடலின் கைப்பிடியைப் பேனாவால் தட்டிப் பார்த்தார். அதே நிமிடம் திருவொற்றியூரில் கைப்பிடி மூன்றடி வளைந்தது. "ஒரு கூடைன்னா எத்தனை மீட்டர்?" என்று கேட்டார். "அது மீனைப் பொறுத்தது சார்" என்றாள் சில்வியா. நடைமுறைக்கு ஒவ்வாதது என்று எழுதி, பாஸ் மார்க் போட்டார். மாலையில் வளைந்த கைப்பிடியைப் பார்த்ததும் சில்வியாவுக்கு விஷயம் புரிந்தது. மாடல் இருக்கும்வரைதான் பாலம். கல்லூரியிலோ, ஜூன் முதல் சனிக்கிழமை பழைய மாடல்களைக் குப்பை லாரியில் ஏற்றிவிடுவது வழக்கம். அதற்கு முந்தின நாள்தான் மாணவர்கள் எடுத்துப்போகலாம்.

தண்டபாணி மனு கொடுத்தார். அதிகாரிகள் வந்து பார்த்து, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பாலத்தை இடிக்க உத்தரவு எழுத முடியாது என்று சொல்லிவிட்டு, அதன் வழியாகவே இறங்கிப் போனார்கள். முதல் வாரம் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். கால் சத்தத்தை வைத்தே ஆளின் எடையைச் சொல்லக்கூடியவர் என்பதால் யார் போகிறார்கள் என்று திரும்பாமலே தெரிந்தது. ஜன்னலில் தினமும் யாராவது இரண்டு காணாங்கத்தை மீன் வைத்துவிட்டுப் போனார்கள். திட்டிக்கொண்டே குழம்பு வைத்தார். ஒருநாள் ரோஸ்மேரியின் கால் சத்தம் வரவில்லை. ஏழு மணிவரை பொறுத்தவர், பாலத்தில் ஏறி நடுவரை போய்ப் பார்த்தார். கீழே சரக்கு ரயில் நின்றது. அவளுக்குக் காய்ச்சல் என்று எதிரே கூடையோடு வந்த கன்னியம்மா சொன்னாள். போன வருடக் கூடைக் கதையையும் சொன்னாள். கீழே நகரத் தொடங்கிய பெட்டிகளைக் கடைசிப் பெட்டிவரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை மாடலை எடுக்கக் கிளம்பிய சில்வியாவோடு தண்டபாணியும் ஆட்டோவில் ஏறினார். மாடலைத் தொட்டால் பாலம் ஆடும் என்று அவள் சொல்லியிருந்ததால், மாடலில் தன் பக்கத்துப் படியைத் தன் கையாலேயே பிய்க்கப் போவதாகச் சொன்னார். திரும்பும்போது மாடல் இருவர் மடியிலும் இருந்தது. அவர் அதில் தன் வீட்டைத் தேடினார்.

"இதுவா என் வூடு? ஒண்ணுமே இல்லியே."

"நீங்க கதவு தொறக்கலையே அங்கிள்."

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் அந்த வெள்ளைச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ ஒரு பள்ளத்தில் குதித்தது. அவர் இரண்டு கையாலும் பாலத்தைத் தாங்கிக்கொண்டு கத்தினார்:

"மெதுவா போ நைனா! மேல ஜனம் போய்கினு கீது!"

அந்தக் குலுக்கலில் திருவொற்றியூர்ப் பாலம் ஆடியதில் கன்னியம்மாவின் அரைக்கூடை நெத்திலி கீழே நின்ற சரக்குப் பெட்டியில் கொட்டித் துறைமுகத்துக்குப் போனது. வேறு சேதமில்லை. மாடலைத் தண்டபாணி வீட்டு டிவிக்கு மேல் வைத்தார்கள். சில்வியா பிளேடை எடுத்தாள். அரைமணி நேர வேலைதான், படியை வெளியே சந்துப் பக்கம் திருப்பிவிடுவதாகச் சொன்னாள். தண்டபாணி படியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படி இருக்கட்டும். வாசலுதான் சின்னது. ரெண்டு கூட எதிர எதிர வந்தா இடிக்குது. அத்த பெருசு பண்ணு."

அவள் அந்த வெள்ளைச் சதுரத்தில் முதன்முறையாகச் சுவர்களை நிறுத்தி, மூன்று கூடை அகலத்துக்கு ஒரு வாசல் வெட்டினாள். கதவு செய்ய அட்டை மீதமில்லை. அதற்கப்புறம் அவர் கதவைக் கேட்கவும் இல்லை.