கிளீனர் பக்கக் கதவு

குவாரிக்காரர்கள் காளையைத் திருடன் என்று சொன்ன அன்றைக்கே நாகஜோதி முடிவு பண்ணிவிட்டாள், அவன் இருக்கிற இடத்துக்குத் தானே போய்ப் பார்த்துவிடுவது என்று. போய்ச் சேர மூன்று வருஷம் ஆனது. இடம் அப்படி. திருமங்கலத்துக்கு மேற்கே, கைவிட்ட கல்குவாரியில், நூற்றிருபது அடித் தண்ணீருக்கு அடியில்.

காளை அவள் புருஷன், அந்தக் குவாரியில் லாரி டிரைவர். மழை விட்ட ஒரு காலையில் போன் பண்ணினான். முந்தின நாள் கல்லேற்றி நிறுத்திய லாரி பள்ளத்துக்குள் நிற்கிறதாம். மேலே வரும் பாதை கரைந்து கிடக்கிறதாம். முடியாது என்றாலும் மேனேஜர் எடுத்தே ஆகவேண்டும் என்கிறாராம். அதற்கப்புறம் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. லாரியைக் கடத்திக்கொண்டு ஓடிவிட்டான் என்று மேனேஜர் புகார் எழுதிக் கொடுத்தார். அதே வாரம் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களை நிறுத்தினார்கள். பள்ளம் நிரம்பியது. உள்ளே தேடுங்கள் என்று நாகஜோதி ஏறாத படியில்லை. அம்புட்டு ஆழத்துக்கு ஆள் இறங்க முடியாது என்று எல்லோரும் கையை விரித்தார்கள்.

முடியாதாமே! பழங்காநத்தத்தில் கேட்டும் கிரில்லும் அடிக்கும் வெல்டிங் பட்டறை அவளுடையது. காளைக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஆழ்கடல் நாவல்களாகப் பொறுக்கி வந்து, ராச்சோற்றின்போது அவளுக்குக் கதை சொல்வான். கடலைக் கண்ணால் பார்க்காத ஆளுக்கு வாயைப் பார் என்று அவள் கேலி பண்ணுவாள். ஆனால் அந்தக் கதைகளில் மனுஷன் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து கடலுக்கடியில் போனான். அது மட்டும் அவள் மண்டையில் நின்றுவிட்டது.

அப்படி ஒரு கூட்டைத் தானே அடித்தாள். கனத்த தகட்டில் ஆள் உயர உருளை. தடித்த கண்ணாடி ஜன்னல், வெளியே விளக்கு, பட்டறை ஆக்சிஜன் சிலிண்டர், மேலே பேச ஒயர் போன். ரப்பர் பதித்த மூடி. அடியில் ஒரு பெரிய கொக்கி. இறக்கித் தூக்க, கிணறு வெட்டும் ஜெயபாண்டியின் கிரேன். கிணற்றில் இரண்டு தடவை இறக்கிப் பார்த்தார்கள். சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

குவாரியில் இறங்கிய அன்று எண்பதடிக்கே முதுகில் சில்லென்று விழுந்தது. மூடியின் ஓரத்தில் தண்ணீர் மஞ்சளாக வழிந்தது. வாசனை வேறு. அவளுக்கு வந்த கோபம் இம்புட்டு அம்புட்டு இல்லை.

"அண்ணே, மூடிக்குச் சந்தனம் வச்சீங்களா?"

மேலே கிரேனில் இருந்த ஜெயபாண்டி போனில் இழுத்தார்.

"புது வண்டியாச்சேம்மா. சுத்தி வச்சேன். ரப்பர்லயும் பட்டுருக்கும் போல. தூக்கிரவா?"

"தூக்காதீங்க. இறக்குங்க."

காய்ந்த சந்தனம் ரப்பரைச் சரியாகப் பொருந்தவிடவில்லை. அவள் ஸ்பேனரால் போல்ட்டுகளை முறுக்கினாள். ஒழுக்கு குறைந்ததே தவிர நிற்கவில்லை. நூறடியில் கணுக்கால் வரை தண்ணீர். அப்போது மறுபடியும் போன். மேனேஜர் கரையில் வந்து நிற்கிறார், உடனே தூக்காவிட்டால் போலீசைக் கூப்பிடுவேன் என்கிறார் என்று ஜெயபாண்டி பதறினார்.

"கூப்பிடச் சொல்லுங்கண்ணே. நானும் மூணு வருசமா அவங்களத்தான் கூப்பிடுறேன்."

விளக்கு வெளிச்சத்தில் முதலில் பாறை தெரிந்தது. அப்புறம் சேறு மூடிய ஒரு டயர். அப்புறம் லாரி முழுசாக, சரிந்து நின்றது. முன்கண்ணாடி உடைந்திருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், டிரைவர் சீட்டில், காக்கிச் சட்டைக்குள் காளையின் மிச்சம் இருந்தது. ஓடியவன் இல்லை. இறங்கித் தப்பிக்கக்கூட அவகாசம் கிடைக்காதவன்.

நாகஜோதி ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அவன் திருடனாகவே இருந்துவிட்டுப் போகட்டும், எங்கேயோ உயிரோடு இருந்தால் போதும் என்று சில நாள் சாமியிடம் கேட்டிருக்கிறாள். இனி கேட்க ஒன்றுமில்லை. முழங்காலைத் தொட்டது தண்ணீர்.

போட்டோ எடுத்தாள். அது போதாது என்று அவளுக்குத் தெரியும். இருட்டுத் தண்ணீரில் எடுத்த படத்தை எந்த லாரி என்று கேட்பார்கள். கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும். டிரைவர் பக்கத்தைத் தொட மனசு வரவில்லை. காளை அங்கே இருக்கிறான். கிளீனர் பக்கம் போகச் சொன்னாள். வலது, இன்னும் ஒரு முழம், இறக்குங்க, நிறுத்துங்க. மூன்றாவது தடவையில் கொக்கி கதவின் ஜன்னல் சட்டத்துக்குள் விழுந்தது.

"இப்பத் தூக்குங்கண்ணே. எதாச்சும் முறிஞ்சாலும் நிறுத்தாதீங்க."

கம்பி விறைத்தது. உருளை முனகியது. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. துருப்பிடித்த கீல் ஒன்று விட்டது, அப்புறம் இன்னொன்று. உருளை ஒரு குலுக்குக் குலுங்கி மேலே கிளம்பியது.

கரையில் ஊரே கூடியிருந்தது. உருளையின் அடியில் சேறு வடிய வடிய ஒரு கதவு தொங்கியது. ஜெயபாண்டி அதைத் தரையில் இறக்கி, துண்டால் துடைத்தார். மஞ்சள் பெயிண்டில் குவாரியின் பெயர். அதன் கீழே வண்டி நம்பர். மேனேஜர் தன் கைப்பட எழுதிய புகாரில் இருந்த அதே நம்பர்.

நாகஜோதி சொட்டச் சொட்ட இறங்கி வந்தாள். மேனேஜர் குரலைத் தாழ்த்தி, ஆபீசில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார்.

"ஆபீசுக்கெல்லாம் வாரதா இல்ல. இதுல என்ன எழுதியிருக்கு, இத்தன பேருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க. வாசிச்சிட்டு, என் புருசன் எங்க இருக்காருன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் யாருக்கோ போன் போட்டபடி ஜீப்பைப் பார்த்து நகர்ந்தார். ஜெயபாண்டி கிரேனை விட்டு இறங்கி ஜீப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கூட்டத்தில் நாலு பேர் அவர் பக்கத்தில் போய் நின்றார்கள்.

நாகஜோதி சேலையைப் பிழிந்து விட்டுக்கொண்டு அந்தக் கதவின் மேலேயே உட்கார்ந்தாள், எழுத்து மறையாமல் ஒரு ஓரமாக. "அவசரமில்ல. வாசிங்க," என்றாள்.