இல்லாதவளுக்கு வந்த அழைப்பாணை

கூதிர்க்காலம் கல்வராயன் மலைமீது ஆரவாரத்தோடு இறங்குவதில்லை. ஐப்பசியில் இடித்தும் மின்னியும் ஆடிய முகில்கள், கார்த்திகை பிறந்ததும் சினம் தணிந்த முனிவரைப் போல முகடுகளில் வந்து அமரும். அமர்ந்தபின் எளிதில் எழுவதில்லை. பகலவன் கீழ்வானில் ஏறிவிட்டான் என்பதை ஒளியால் அன்று, கோழியின் குரலால் மட்டுமே அறியலாம். அறுத்த சாமைத் தாள்களின்மேல் பனித்திவலை கோத்திருக்கும். கடுக்காய் மரங்கள் நாள் முழுதும் சொட்டிக்கொண்டே நிற்கும். அருவிகள் ஒன்றையொன்று காணாமலே மறுமொழி சொல்லிக்கொள்ளும். விறகுப் புகையும் கூரையை விட்டு எழ மனமின்றித் தவழும். வழிபாட்டில் ஆழ்ந்த ஒருவரின் அருகே நிற்பவர் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வது போல, அப்பருவத்தில் மலையே குரல் தாழ்ந்திருக்கும்.

அந்த அடக்கத்துக்குள் அடங்காதவள் ஒருத்தி கருநெல்லிப்பட்டில் இருந்தாள். அவள் ராஜாம்பாள்.

முந்தைய மாசியில் அவளும் தம்பி காசிநாதனும் சமவெளிக்குக் கரும்பு வெட்டச் சென்றிருந்தனர். ஆள் சேர்த்து அழைத்துப் போனவன் மேஸ்திரி கலையரசன். ஊர்ச்சாமிக்குப் பொங்கல் வைக்கும் நாள் நெருங்கியது. போய்வர வேண்டும் என்று காசிநாதன் கேட்டான். வெட்டு முடியாமல் எவனும் வயலை விட்டு நகரக்கூடாது என்றான் மேஸ்திரி. "சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன், உங்களக் கேக்கல" என்று காசிநாதன் துணியை மூட்டை கட்டினான். இரும்புத் தடி அவன் இடக்காலில் இறங்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்ததை இரண்டு பாத்தி தள்ளி அரிவாளோடு நின்ற ராஜாம்பாள் கண்டாள்.

வழக்கு கள்ளக்குறிச்சியில், நீதித்துறை நடுவர் முன் நடந்தது. காசிநாதன் கோலூன்றிச் சென்று சாட்சி சொன்னான். குடித்துவிட்டு டிராக்டரிலிருந்து விழுந்தவன் என்றது எதிர்த்தரப்பு. உடன் வெட்டிய ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கூண்டேறி, தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று தலை கவிழ்ந்தனர். எஞ்சியவள் ராஜாம்பாள் ஒருத்தியே. அவளை வரச்சொல்லி நீதிமன்றத்தின் அழைப்பாணை வரவேண்டும். ஆனால் அது வரவேயில்லை.

காசிநாதன் நீதிமன்ற அலுவலகத்துக்கே போய்க் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. அழைப்பாணை ஒவ்வொரு வாய்தாவுக்கும் புறப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும், 'சாட்சி பிழைப்புக்காகக் கேரளா சென்றுவிட்டார். முகவரியில் இல்லை' என்ற குறிப்போடு திரும்பியிருக்கிறது. எழுதிய காவலர் மலை ஏறியதே இல்லை. அடிவாரத்துத் தேநீர்க் கடையில் அமர்ந்தபடியே எழுதியிருந்தார். "எங்க அக்கா வூட்டுலதாங்க கீது!" என்று காசிநாதன் அரசு வழக்கறிஞரிடம் கதறினான். நடுவர் ஒரே ஒரு வாய்ப்பு அளித்தார். இம்முறையும் சாட்சி வராவிட்டால் அரசுத் தரப்புச் சாட்சியம் முடித்துவைக்கப்படும். அதன்பின் கலையரசன் விடுதலையாவதைத் தடுக்க எவராலும் இயலாது.

கடைசி அழைப்பாணை, அடிவாரக் காவல் நிலையத்துக்குப் புதிதாக மாறிவந்த தலைமைக் காவலர் தெய்வசிகாமணியின் கைக்குச் சென்றது. ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். நெற்றியில் நீறு மாறாதவர். அடிவாரத்துக் கடையருகே வண்டியை நிறுத்தி மழைச்சட்டை மாட்டும்போது, உள்ளிருந்து ஒருவன் எழுந்து வந்தான்.

"இன்னா ஏட்டய்யா, நம்ம பக்கத்துக்குப் புதுசா? குந்துங்க, ஒரு டீ சாப்புடுங்க."

"குடிச்சாச்சு. நீங்க?"

"கலையரசன். மேஸ்திரி."

வழக்கில் எதிரியின் பெயராக அது பையிலிருந்த தாளிலும் இருந்தது. தெய்வசிகாமணி மழைச்சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"மேல போவாதீங்க. தரைப்பாலத்து மேல தண்ணி போய்க்கினு இருக்குது. முன்ன இருந்த ஏட்டு இங்கியே குந்தி எழுதிடுவாரு. அந்தம்மா கேரளாவுல கீது. ஊருக்கே தெரியும்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கறேன்?"

"நானும் பாக்கல. பாக்காதத எழுதிப் பழக்கமில்ல மேஸ்திரி."

தரைப்பாலத்தருகே வண்டியை விட்டுவிட்டு, காற்சட்டையைத் தொடைவரை சுருட்டி, பையைத் தலைமேல் வைத்து அவர் நீரைக் கடந்தார். கருநெல்லிப்பட்டை அடைந்தபோது முற்றத்தில் ஒரு பெண் சாமை குற்றிக்கொண்டிருந்தாள். காக்கியைக் கண்டும் உலக்கை நிற்கவில்லை.

"ராஜாம்பாள்ங்கிறது யாரும்மா?"

"அவங்க கேரளாவுல கீறாங்க" என்றாள் அவள். "இதான் கேரளா. என்னத் தேடி இம்மாந்தூரம் வந்துட்டீங்களே ஏட்டய்யா, மலையாளம் தெரியுமா?"

வீட்டுக்குள் காசிநாதன் சிரிக்கும் ஒலி கேட்டது.

"தெரியாதும்மா. தமிழ்லதான் எழுதி எடுத்தாந்திருக்கேன். வாசிக்கட்டுமா?"

உலக்கை நின்றது.

அவர் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். இரண்டிலும் ஒரே எழுத்து. இரண்டிலும் நீதிமன்ற முத்திரை. வழக்கின் எண், எதிரியின் பெயர், அவள் வரவேண்டிய நாள், நேரம் யாவற்றையும் கோயிலில் பதிகம் படிப்பவரைப் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணுக்குப் பின்பக்கம் கையெழுத்துப் போடுங்க. அது கோர்ட்டுக்குத் திரும்பிப் போவும்."

"இன்னாத்துக்கு ரெண்டு?"

"குடுத்தேன்னு நான் சொன்னா பத்தாது. வாங்கினேன்னு நீங்களும் சொல்லணும்."

"இல்லன்னு ஒருத்தரு சொன்னா மட்டும் பத்துதா? இத்தினி நாளும் அதானே நடந்துச்சு!"

"அது தப்புதாம்மா" என்றார் அவர். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தூணில் தாளை வைத்து, தன் பெயரை முழுமையாக எழுதினாள். அந்தத் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காற்சேற்றைக் கழுவ அவர் வீட்டின் பின்னால் ஓடும் ஓடைக்குப் போனார்.

அப்போதுதான் உயர்ந்த சக்கரங்கள் கொண்ட ஒரு ஜீப் மேடேறி வந்து நின்றது. கலையரசன் இறங்கினான். முற்றத்தில் காவலர் இல்லை. ராஜாம்பாள் கையில் தாள் இருந்தது.

"ஏட்டு மேல வேற ஊருக்குப் போய்ட்டாரா? சரி. இன்னாம்மா ராஜாம்பா, நல்லாக்கீறியா? அத்தக் குடு, இன்னா எழுதிக்கீதுன்னு பாக்கலாம்."

"எனக்கு வந்தது. நானே பாத்துக்கறேன்."

அவன் பறித்தான். நான்காகக் கிழித்தான். மேலும் கிழித்துச் சேற்றில் எறிந்தான். "இப்ப இன்னாத்தக் காட்டிக் கோர்ட்டுக்குள்ள போவ?"

காசிநாதன் கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். ராஜாம்பாள் கையை நீட்டி அவனைத் தடுத்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது, குரல் வெளிறவில்லை.

"இன்னும் சின்னதாக் கிழிங்க மேஸ்திரி. கோழி அடைகாக்குது, கூடையில போட ஆவும்."

"கிழிச்சாச்சா?" என்று வீட்டின் பின்புறமிருந்து ஒரு குரல் கேட்டது. ஈரக் கால்களோடு தெய்வசிகாமணி வந்தார். குனிந்து, சேற்றில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். பிறகே நிமிர்ந்தார்.

"எனக்குத் திருநாவலூரு மேஸ்திரி. எங்க ஊருல பொறந்த ஒருத்தரு, தன் கல்யாணத்தன்னிக்கு, நீ எனக்கு அடிமைன்னு ஓலையோட வந்த கெழவர் கையிலேந்து அத்தப் புடுங்கிக் கிழிச்சாரு. வந்தது சாமின்னு தெரியல. கிழிஞ்சது படியோலை. மூல ஓலை சாமிகிட்டயே இருந்துச்சு. ஊர்ச் சபையில வழக்கு நடந்து, கிழிச்சவருதான் தோத்தாரு. அவரு சாமிக்கே தோழரு. அவருக்கே அந்தக் கதி. நீங்க யாரு?" பையைத் தட்டிக் காட்டினார். "இந்தம்மா கையெழுத்து இதுக்குள்ள இருக்குது. நீங்க கிழிச்சதையும் சேத்து எழுதிக் கோர்ட்டுல வைப்பேன்."

கலையரசன் ஜீப்பில் ஏறிக்கொண்டே கூவினான்: "வைங்க! அன்னிக்கு இந்த மலையிலேந்து ஒரு வண்டி இவள ஏத்தாது. எப்பிடி வர்றான்னு பாக்கறேன்!"

"ரோடு போடறதுக்கு முன்ன எங்காளுங்க பறந்தா போனாங்க?" என்றாள் ராஜாம்பாள்.

ஜீப் மூடுபனிக்குள் மறைந்தது. அப்போதுதான் அவள் உரலின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"நான் வந்து கூட்டிக்கினு போறேம்மா" என்றார் தெய்வசிகாமணி.

"வாணாம் ஏட்டய்யா. போலீசு கூட்டியாந்து சொல்லவெச்சாங்கன்னு அவங்க வக்கீலு சொல்லுவாரு. நானே வர்றேன்."

குறித்த நாளில் எந்த வண்டியும் நிற்கவில்லை. ஓட்டுநர்கள் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். ஒருவர் மட்டும், "மன்னிச்சுக்க அக்கா, எனக்கும் புள்ளகுட்டி கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜாம்பாள் அவரைச் சபிக்கவில்லை. இருள் பிரியுமுன்னரே முதியோர் நடந்த பழைய தடத்தில் இறங்கினாள். தடத்தைப் பாதிக்குமேல் புதர் விழுங்கியிருந்தது. ஈரப்பாறையில் இருமுறை வழுக்கினாள். முள் கிழித்த முழங்கையிலிருந்து குருதி வடிந்து உலர்ந்தது. மேகத்துக்குக் கீழே இறங்கியபோது கோமுகி அணையின் நீர் வெள்ளித் தகடாகத் தெரிந்தது. கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சிப் பேருந்து நின்றிருந்தது. சமவெளியின் அந்தப் பேருந்துக்கு மேஸ்திரியைத் தெரியாது.

நீதிமன்ற வாயிலில் உதவியாளர் அவள் பெயரை மும்முறை கூவினார். கூட்டத்தைத் தாண்டி அவள் வருவதற்குள் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்துவிட்டார்.

"கனம் நடுவர் அவர்களே, சாட்சி மாநிலத்திலேயே இல்லை என்று முன்னரே பலமுறை அறிக்கை வந்துள்ளது. இனியும் காலம் தாழ்த்துவது..."

"கீறேங்க!"

அனைவரும் திரும்பினர். முழங்கால்வரை புடவையில் சேறு படிந்த ஒரு பெண் வாயிலில் நின்றாள்.

"நாந்தான் ராஜாம்பாள். நான் எங்கியும் போவல. வூட்டுலதான் இருந்தேன்."

தெய்வசிகாமணி அவள் கையெழுத்திட்ட தாளையும், கிழிந்த துண்டுகள் ஒட்டிய அறிக்கையையும் முன்வைத்தார். நடுவர் இரண்டையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றாமலே கலையரசனை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சாட்சி கூண்டுக்கு வரட்டும்" என்றார்.

ஆண்டவன் அறிய உண்மையே சொல்வதாக அவள் உறுதி கூறினாள். கூண்டின் மரச்சட்டத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு கண்டதைச் சொன்னாள். தடி எந்தக் கையில் இருந்தது, தம்பி எப்படி விழுந்தான், எலும்பின் ஒலி கரும்பு முறிவது போலவே கேட்டதால் முதலில் தனக்கு விளங்காமற்போனது, விளங்கியதும் தான் அலறியது, எல்லாவற்றையும் சொன்னாள். கலையரசன் அவளையே முறைத்தபடி நின்றான். பேச்சின் நடுவே அவள் அவன் கண்களைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையை எடுத்தவன் அவனே.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக்கு வந்தார். "சம்மன் வந்ததாகச் சொல்கிறீர்கள். உங்களிடம் கொடுத்தது எங்கே?"

"உங்காண்ட நிக்கிறாரே, அவரக் கேளுங்க. அவருதான் கிழிச்சாரு."

அரங்கில் சிரிப்பு எழுந்தது. நடுவரின் பேனா மேசையைத் தட்டியதும் அடங்கியது.

"தம்பிக்காகப் பொய் சொல்கிறீர்கள் என்கிறேன்."

"பொய் சொல்றவளா இருந்தா மேஸ்திரியே ஜீப்புல ஏத்தியாந்து வாசல்ல எறக்கியிருப்பாரு. நெசத்தச் சொல்ல வந்தேன். அதான் நடந்து வந்தேன்."

வழக்கறிஞர் மேலும் சில கேள்விகளைக் கேட்டார். அவள் சொன்னது இம்மியும் அசையவில்லை. எழுதப்பட்ட வாக்குமூலத்தை அவளுக்குப் படித்துக் காட்டினர். அவள் கையெழுத்திட்டாள். அழைப்பாணையைக் கிழித்து மிரட்டியதற்காக எதிரியின் ஜாமீனை ஏன் ரத்து செய்யக்கூடாது என்பதற்கும், ஊரில் இருந்தவளை இல்லை என்று எழுதிய முந்தைய அறிக்கைகளுக்கும் நடுவர் விளக்கம் கேட்டு ஆணையிட்டார். தீர்ப்பு இன்னொரு நாளுக்குரியது. ஆனால் இல்லை என்று எழுதப்பட்டவள் இருக்கிறாள் என்பது அன்று அரசின் ஏட்டில் ஏறிவிட்டது. இனி அதை எவரும் கிழிக்க முடியாது.

அந்தி சாயும் வேளையில் அவள் மலை திரும்பினாள். வீட்டுக்குள் நுழையுமுன் ஊரின் மேற்கெல்லையில் உள்ள ஊர்ச்சாமி கரியராமன் சன்னிதிக்குச் சென்றாள். காசிநாதன் கோலூன்றி அங்கே வந்து காத்திருந்தான். ஓடையில் கைகால் கழுவி வந்து, அகலில் எண்ணெய் வார்த்துத் திரியை நிமிர்த்தினாள். பனி ஈரத்தில் தீக்குச்சி எளிதில் பற்றவில்லை. பொறுமையாக இன்னொன்று கிழித்தாள். சுடர் எழுந்ததும் இரு கைகளாலும் காற்றை மறைத்து, அது நிலைபெறும்வரை அசையாமல் இருந்தாள். பிறகு நிலத்தில் நெற்றி படிய வணங்கினாள்.

"மேஸ்திரி உள்ள போவணும்னு வேண்டிக்கினியா அக்கா?"

"அது கோர்ட்டு வேல" என்றாள் அவள். சுடருக்கு அப்பால், பார்க்கவில்லை என்று சொல்லித் தலைகவிழ்ந்தவர்களின் குடிசைகள் பள்ளத்தில் மங்கலாகத் தெரிந்தன. அத்திசை நோக்கிக் கையை உயர்த்தினாள்.

"பயந்துபோய்ப் பாக்கலன்னு சொன்னாங்களே, அவங்க வூட்டுலயும் அடுப்பு அணையாம இருக்கட்டும் சாமி. அவங்க புள்ளைங்க நல்லா இருக்கட்டும். அவங்க தலையும் ஒரு நாள் நிமிரட்டும்."