கடன் வாங்காத மனுஷன்

பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிறவருக்கு வாழ்நாளில் மிச்சமானது ஒரே ஒரு பெருமைதான்: யாரிடமும் கடன் வாங்கியதில்லை. மின்விசிறி வாங்குவதென்றாலும் முழுக்காசும் சேர்ந்த பிறகுதான் கடைப்படி ஏறுவார். சேரும் வரை வியர்த்துக்கொண்டு கிடப்பார். பெண்டாட்டி பிள்ளையும் கூடவே வியர்க்க வேண்டும், அது வேறு கதை.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணத்துக்கு வழி காட்டாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அவள் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள். முதலில் அரசாங்கக் கடன். படித்து முடிக்கும் வரை அதற்கு வட்டி ஏறாது, ஆனால் பாதிச் செலவுக்குத்தான் காணும். மீதிக்கு வங்கிக் கடன், அவள் பெயரும் அப்பா பெயரும் சேர்த்து. அதற்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் காதில் விழுந்தது கடன் என்ற சொல் மட்டும்தான்.

அரை நாள் விடுப்பு போட்டு அவளோடு வங்கிக்குப் போனார். நகக்கண்ணில் கிரீஸ் போகாததால் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்க பேர்ல இதுவரைக்கும் ஒரு கடன்கூட இல்லையே சார்" என்றாள் அதிகாரி, கணினியைப் பார்த்தபடி.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு நாளும் வாங்கினதில்லம்மா."

அதுதான் சிக்கல் என்று தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாள் அவள். வாங்கித் திருப்பிக் கட்டியதே இல்லாதவரை எதை வைத்து நம்புவது? ஒழுங்காகத் தவணை கட்டிப் பழகிய ஒருவர் ஜாமீன் போட்டால் தரலாமாம்.

அப்படி ஒருவனைத்தான் அவருக்குத் தெரியும். மனைவியின் தம்பி. வண்டி தவணையில், துணி துவைக்கிற மெஷின் தவணையில், படுக்கிற கட்டில்கூடத் தவணையில். நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் அவனைத் தவணை மகாராஜா என்று வாரியவர் இவர். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? மனைவி துவைத்த சட்டையை எடுத்து வைத்தாள்.

நாள் முழுக்க டயர் மாட்டிய களைப்போடு, மகளையும் கூட்டிக்கொண்டு மைத்துனன் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். அவன் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூட அவருக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். வங்கிப் பத்திரத்தை ஒவ்வொரு பக்கமாகப் படித்தான், வட்டி பின்னால் கூடுமா என்று மகளைக் கேட்டான், கையெழுத்துப் போட்டான்.

அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவ கட்டலேன்னா நான் கட்டிடறேன்ப்பா. உனக்குத் தொல்லை வராது."

"உங்களை நம்பிப் போடல அத்தான்" என்றான் அவன், குரலை உயர்த்தாமல். "உங்களுக்குத்தான் கட்டிப் பழக்கமே இல்லையே. அவளை நம்பித்தான் போட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் எழுந்து வந்திருப்பார். அன்று கோபப்படவும் தெம்பில்லை. சுருக்கென்றது, அவ்வளவுதான். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை.

பேனாவுக்காகக் கையை நீட்டினார். "நான் எங்கம்மா போடணும்?" என்று மகளைக் கேட்டார்.