கேசட் மேல யார் பேரு?

“ரெண்டு பேரு வேலை, ஒத்தைப் பேரா? அத்தனை அட்டையையும் கிழிச்சுப் போடுங்க அண்ணாச்சி!”

“இருநூறு அட்டை, தங்கச்சி! சிவகாசியில அடிச்சு நேத்துதான் பார்சல் வந்துச்சு. கிழிக்கதுக்கா அடிச்சேன்?”

“என்னையக் கேட்டா அடிச்சீங்க?”

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒலி முகம்மதுவின் கேசட் கடையில் அன்றைக்குப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். நிறுத்த அவசியமே இல்லை, தங்கபுஷ்பத்தின் குரல் எல்லாப் பாட்டுக்கும் மேலே போய்க்கொண்டிருந்தது. பக்கத்து பரோட்டா கடையில் பாதி ஆட்கள் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். சால்னா ஆறினால் ஆறட்டும்.

விஷயம் இதுதான். சார்ஜாவிலிருந்து திரும்பிய ஒலி முகம்மது, டிவியில் சொருகுகிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தார். எண்பத்தேழில் அது ஊருக்கே அதிசயம். இங்கிலீஷ் மட்டும் தெரிந்த அந்தப் பெட்டிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சங்கரபாண்டி, ஹைஸ்கூல் கணக்கு சார். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து உள்ளே ஏற்றினார். ஆனால் ஒரு ‘க’ வரவேண்டுமென்றால் மூன்று நம்பரை அமுக்க வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் சொல்லிக்கொடுக்கிற தங்கபுஷ்பம், தங்கைக்குப் பாட்டு பதிய வந்தவள், அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தவளே உட்கார்ந்து, மூன்று மாதம் சாயங்காலம் சாயங்காலமாக, தமிழ் டைப்ரைட்டரில் உள்ள வரிசைப்படி எல்லா எழுத்தையும் சாவிக்குக் கொண்டுவந்தாள்.

அதைச் சும்மா கொடுப்பது என்று மூவரும் முடிவு செய்தார்கள். அப்போதெல்லாம் புரோகிராமும் பாட்டுக் கேசட்டில்தான் ஏறும்; வெறும் கேசட் கொண்டுவந்தால் ஒலி முகம்மது பதிந்து தருவார். கூடவே புரோகிராம் முழுவதையும் சைக்ளோஸ்டைல் எடுத்த நாலு தாள். ‘படிக்கலாம், மாற்றலாம், மாற்றினால் எங்களுக்கும் ஒரு பிரதி தரவும்’ என்று அடியில் இருக்கும். சும்மா கொடுக்கிறான் என்றதும் கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் வாங்கிப்போய் டேப்ரிக்கார்டரில் போட்டு, கிர்ரென்ற சத்தத்தைக் கேட்டுவிட்டு, “பாட்டு தேஞ்சு போச்சு பாய்” என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

பேர் வைக்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டு வருகிறவர்கள், “அந்த சங்கரபாண்டி கேசட் இருக்கா?” என்றார்கள். ஒலி முகம்மது அதையே அட்டையில் அடித்து, மேலே ஒரு குற்றாலக் குரங்குப் படமும் போட்டுவிட்டார்.

“குரங்கு எதுக்கு அண்ணாச்சி?”

“பீடிக் கட்டுலகூட படம் இருக்கு. படம் இல்லாத லேபிளை எவன் மதிப்பான்? நம்ம கேசட்டும் சும்மாதான, கேக்காம எடுத்துட்டுப் போறதுக்குக் குரங்கை விட்டா வேற யாரு?”

“ஐந்தருவின்னு வையுங்க. ஒரே தண்ணி, அஞ்சாப் பிரிஞ்சு எல்லாருக்கும் விழுது. யாரு பேரும் வேண்டாம்.”

அதுவரை வாயே திறக்காத சங்கரபாண்டி அப்போது பார்த்துத் திறந்தார். “சீசன் முடிஞ்சா ஐந்தருவியில பாறைதான் இருக்கும்.”

“அப்போ சங்கரபாண்டின்னே வச்சுக்கிடுங்க! சங்கரபாண்டி, சங்கரபாண்டி, சங்கரபாண்டி! போதுமா சார்?”

விடுவிடென்று போய்விட்டாள். அவளுக்கு உள்ளே குத்தியது வேறு. “தினம் அந்த டிவிப் பெட்டி முன்னால என்னத்தக் கிழிக்க?” என்று வீட்டில் அம்மா பிருஹதாம்பாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். போகக்கூடாது என்று சொல்லவும் ஆரம்பித்திருந்தாள். தன் பேர் போட்ட ஒரு அட்டை இருந்தால் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கலாம்.

பத்தாம் நாள் சங்கரபாண்டி ஒரு செருப்புப் பெட்டியோடு இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். உள்ளே அதே இருநூறு அட்டை. ஒவ்வொன்றிலும் அச்சடித்த தன் பேருக்குக் கீழே, அதே அளவில், கறுப்பு மையால் ‘தங்கபுஷ்பம்’ என்று கையால் எழுதியிருந்தார். விரலெல்லாம் மை.

“மொத கொஞ்சம் அட்டையில கோணலா இருக்கும்,” என்றார். “போகப் போகப் பழகிட்டு.”

அவள் பெட்டியை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு அடுத்த பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். எட்டு மிஷினும் தட்டாமல் இவளையே பார்த்தன.

ஜூலையில், சாரல் நேரம், குற்றாலத்தில் வாத்தியார்மார் கூடிய கண்காட்சி. சங்கரபாண்டிக்குப் பெரிய ஆட்கள் முன்னால் பேச வராது, பிளக் பக்கத்தில் நின்றுகொண்டார். தங்கபுஷ்பம் தட்டத் தட்ட டிவியில் தமிழ் வந்தது. கைதட்டல். முன்வரிசையில் ஒரு ஹெட்மாஸ்டர் நோட்டைத் திறந்தார். “இதுக்குப் பேரு என்னம்மா?”

அட்டை கையில் இருக்கிறது. வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தாள். எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் வீட்டுக்காரர் பேரைச் சொல்வதில்லை, ரேஷன் கடையில்கூட பக்கத்தில் நிற்கிறவளைத்தான் சொல்லச் சொல்வார்கள். அதெல்லாம் சரி, அதற்கு முதலில் வீட்டுக்காரர் என்று ஒருத்தர் வேண்டாமா?

“அது வந்து… அவுக பேருதான்,” என்று பிளக் பக்கம் கையைக் காட்டினாள்.

அவுக! ஹால் ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு சிரித்தது. மூன்றாவது வரிசையில் வேவு பார்க்கவென்றே வந்திருந்த பிருஹதாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் மகளைப் பிடித்தாள். “ஏட்டி, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேக்க அந்தப் பேரைக் கத்தினியாமே. இப்போ வாய்க்கு என்ன வந்துச்சு?”

“அப்போ அவுக வெறும் சார்தானேம்மா.”

பிருஹதாம்பாள் குடையை விரித்துக்கொண்டே, வயரைச் சுற்றிக்கொண்டிருந்த சாரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

தென்காசிக்குத் திரும்புகிற பஸ்ஸில் சங்கரபாண்டி, ஒலி முகம்மதுவின் காதில் சொன்னார்: “பேரை மாத்திருங்க அண்ணாச்சி. செஞ்சவங்களே சொல்ல முடியாத பேரு எதுக்கு? ஐந்தருவின்னே இருக்கட்டும்.”

அட்டையை வீணாக்க ஒலி முகம்மதுவுக்கு மனசில்லை. மறுபக்கத்தில் ஐந்தருவி அடித்து, குரங்கை அருவியில் குளிக்கவிட்டு, மடித்துப் போட்டார். கேசட்டைத் திறந்தால் உள்பக்கம் ரெண்டு பேரும் ஒன்றன்கீழ் ஒன்று. கல்யாணப் பத்திரிகைக்கு ஆறு மாதம் முந்தியே ஊர் வாசித்துவிட்டது. பேர்ச் சண்டையில் ஜெயித்தது தங்கபுஷ்பம்தான். எப்படி ஜெயித்தாள் என்பதைத்தான் வீட்டுக்கு வீடு ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள்.

தையில் கல்யாணம். மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் அவளை வேலைக்குக் கூப்பிட, அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார். பெண்டாட்டி வேலைக்காக ஊரை விட்ட ஆண்பிள்ளை என்று ஒரு மாதம் பேசிவிட்டு ஓய்ந்தோம். ஒலி முகம்மது கடையநல்லூர் ஜாஹிரா பீவியை நிக்காஹ் செய்து, கடையை மச்சினனிடம் கொடுத்துவிட்டு மறுபடி சார்ஜாவுக்குப் பறந்தார். மகள் பிரசவத்துக்குப் போன பிருஹதாம்பாள் மதுரையிலேயே தங்கிவிட்டாள். அவளுடைய தென்காசி வீட்டில் இப்போது புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன்காரர் ஒருத்தர் குடியிருக்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறார், ஊருக்குப் பேச அந்த வீட்டிலிருந்து ஒரு கதையும் வருவதில்லை.